லாட்ஜில் ஒரு சாவு, நாலு பொய்: வேலூர்ப் பின்னணி துப்பறியும் நாவல், வரைவு விவாதம்

சதுப்பேரி:

நாவல் வரைவு முக்கால்வாசி முடிஞ்சிருக்கு. எலும்புக்கூட்டை மட்டும் இங்கே வைக்கிறேன். எங்கே ஒடியும்னு சொல்லுங்க.

2018 மே. வேலூர் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம், வைத்தியத்துக்கு வர்றவங்க தங்குற ஒரு லாட்ஜ் (லாட்ஜ் கற்பனை). குடியாத்தத்துக்காரர் ஒருத்தர், 58 வயசு, வட்டிக்கு விடுறவர். மாசாமாசம் ரத்தப் பரிசோதனைக்கு வந்து மூணு நாள் தங்குவார். அந்தச் சந்துல பாதிப் பேர் அவர்கிட்ட கடன் வாங்கினவங்க. ஒருநாள் காலையில் அறையில் செத்துக் கிடக்கிறார். பின்மண்டையில் வீக்கம். மேசை மேல் 78,000 ரூபாய்க் கட்டு தொடாமல் இருக்கு.

பொய் சொல்றவங்க நாலு பேர்: பதிவில்லாத ஏலச்சீட்டு நடத்தும் அக்கா, லாட்ஜ் மேனேஜர், மெடிக்கல் ஷாப் பையன், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை போன மருமகன். கொலைகாரன் கிடையாது. சாயங்காலம் அஞ்சரைக்கு மொட்டைமாடிப் படியில், காயப்போட்ட துணி சொட்டின ஈரத்தில் வழுக்கி விழுந்தார். யாரும் பார்க்கலை. அவரே எழுந்து நடந்தார், பேசினார், ராத்திரி போய்ச் சேர்ந்தார். ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் இந்த நாலு பேரும் அவரைப் பார்த்திருக்காங்க. ஆளுக்கு ஒரு கோளாறைக் கவனிச்சிருக்காங்க. ஆளுக்கு ஒரு பயத்தில் வாயை மூடிக்கிட்டாங்க.

கேள்வி மூணு. அடிபட்டதை எபிட்யூரல் ரத்தக்கசிவுன்னு எழுதியிருக்கேன். டாக்டர் "இரவு 11.10க்கு உயிர் போயிருக்கு" என்கிறார். கடைசியில் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) எல்லாரையும் மொட்டைமாடியில் கூட்டி உண்மையை உடைக்கிறார். இதெல்லாம் நிக்குமா?

அடுக்கம்பாறை_55:

மருத்துவம் ரெண்டும் நிக்காது சார். மாத்திட்டா கதை இன்னும் நல்லா நிக்கும்.

எபிட்யூரல் என்பது மண்டையோட்டுக்கும் மூளையைச் சுத்தின தடித்த உறைக்கும் நடுவில் ரத்தம் சேர்றது. வயசு ஏற ஏற அந்த உறை ஓட்டோட நல்லா ஒட்டிக்கும். அதனால் 58 வயசில் அது அபூர்வம். வாலிபப் பசங்க பைக்கில் விழுந்தா வர்றது. உங்க ஆளுக்குச் சப்ட்யூரல்தான் சரி: உறைக்கு உள்பக்கம், சின்ன ரத்தக்குழாய் கிழிஞ்சு கசியறது. சாதாரண ஆளுக்கு இவ்வளவு லேசான அடியில் இவ்வளவு வேகமா முத்தாது. ஆனா அவர் ஏன் மாசாமாசம் ரத்தப் பரிசோதனைக்கு வர்றார்னு நீங்க எழுதவே இல்லையே? அங்கேதான் சாவி. அவருக்கு இதய வால்வு மாத்தி வச்சிருக்குன்னு போடுங்க. உலோக வால்வு வச்சவங்க ஆயுசு முழுக்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும். நம்ம ஊர்ல பெரும்பாலும் அசிட்ரோம். அளவு சரியான்னு பார்க்கிறதுதான் ஐ.என்.ஆர். சோதனை. மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 பக்கம் இருக்கும். மிட்ரல் வால்வு மாத்தினவருக்கு 2.5லிருந்து 3.5 வரை வச்சிருப்பாங்க. அப்படிப்பட்டவர் பின்மண்டை அடிபட விழுந்தா, சின்னக் கசிவு நிக்காம ஊறும். மூணு நாலு மணி நேரம் நல்லாத்தான் இருப்பார்.

மெடிக்கல் ஷாப் பையனுக்கும் இப்ப ஒரு உருப்படியான பயம் கிடைச்சிருச்சு. ஆறு மணிக்கு "தலை வலிக்குது தம்பி"ன்னு வந்தவருக்குச் சீட்டு இல்லாம டைக்ளோபெனாக் ரெண்டு மாத்திரை கிள்ளிக் குடுக்கிறான். ரத்த உறைவைத் தடுக்கிற மாத்திரையோட அதைச் சேர்க்கக் கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து ஏறும். பாராசிட்டமால் குடுத்திருக்கணும். அவர் அசிட்ரோம் வாங்குறதே அந்தக் கடையில்தான். அவனுக்கு அது தெரியும். மறுநாள் கத்தரிச்ச அட்டையின் மீதியைத் தேடி ஒளிச்சு வைக்கிறான் பாருங்க, அந்த அத்தியாயத்தை நீங்க எழுதவே வேண்டாம், அதுவே எழுதிக்கும்.

சாவு நேரம். மே மாசம் வேலூர்ல, கத்திரி வெயிலில், கதவு சாத்தின மேல்மாடி அறை. உடம்பு சூடு இறங்குற கணக்கை வச்சுத்தான் நேரம் சொல்லப் பார்ப்பாங்க. அறையே உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தா எங்கே இறங்கும்? விறைப்பும் வெயில் காலத்தில் சீக்கிரம் பிடிச்சு சீக்கிரம் விடும். "நேத்து ராத்திரி 9க்கும் விடிகாலை 3க்கும் நடுவில்"னு டாக்டர் சொன்னாலே துணிச்சல்காரர். 11.10ன்னு நிமிஷக் கணக்கில் சொல்றது மாத நாவல் டாக்டர். நேரம் இப்படிக் குழம்பறதுதான் உங்களுக்கு வசதி. நாலு பேரும் ராத்திரி பத்து மணிக்கு எங்கே இருந்தோம்னு சாட்சி தேடி அலைவாங்க. விஷயம் நடந்தது அஞ்சரைக்கு.

இன்னொண்ணு, இதை விட்றாதீங்க. நின்னுக்கிட்டிருக்கிற தலையை யாராவது கட்டையால் அடிச்சா, மூளையில் காயம் அடிபட்ட பக்கமே இருக்கும். தலை விழுந்து தரையில் மோதினா, எதிர்ப்பக்கம் நசுங்கும். பின்மண்டையில் வீக்கம், முன்பக்க மூளையில் காயம்: விழுந்திருக்கார்னு பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியை ஆறாவது அத்தியாயத்திலேயே வாசகருக்குக் காட்டிடுங்க. புரியறவங்களுக்குப் புரியட்டும்.

கோர்ட்டுவாசல்:

2018னு வச்சது நல்லது. ஆனா வரைவில் எங்கேயாவது பி.என்.எஸ்.எஸ். (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 194னு எழுதியிருந்தா அழிச்சிடுங்க. அது 2024 ஜூலை 1லிருந்துதான். உங்க கதைக்குப் பழைய கு.வி.மு.ச. (குற்ற விசாரணை முறைச் சட்டம்) 174, சந்தேக மரணம். சட்டப்படி அக்கம்பக்கத்து ஆட்கள் ரெண்டு பேருக்குக் குறையாம கூட வச்சுப் பிரேத விசாரணை அறிக்கை எழுதணும். பஞ்சாயத்தார்னு கையெழுத்துப் போடச் சொன்னதும் சந்துல இருக்கிறவன் எல்லாம் ஷட்டரை இழுத்து மூடுற காட்சி இல்லாம வேலூர்க் கதையா?

மாவட்டமும் கவனிங்க. 2019ல்தான் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிஞ்சது. உங்க கதையில் ஆம்பூர் இன்னும் வேலூர் மாவட்டம்தான். மருமகன் விஷயத்தில் ஒரே எஸ்.பி. ஆபீஸ்.

மொட்டைமாடிக் கூட்டம் வேண்டாம். போலீஸ்காரர்கிட்ட குற்றத்தை ஒத்துக்கிட்டுக் குடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது (அப்ப சாட்சியச் சட்டம் 25). அதனாலதான் பேப்பரில் பாதிக் கேசு "வி.ஏ.ஓ. முன்னிலையில் சரணடைந்தார்"னு வருது. அதைவிடப் பெரிய ஓட்டை: உங்க கதையில் குற்றமே இல்லை. ஒருத்தர் சாகறதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தது, சட்டப்படி காப்பாத்த வேண்டிய கடமை உள்ளவரா இருந்தாத்தான் குற்றம். சீட்டு அக்காவுக்கோ மருமகனுக்கோ அந்தக் கடமை கிடையாது. மாத்திரை குடுத்த பையனை வேணும்னா 304ஏக்குள் (கவனக்குறைவால் மரணம்) இழுக்கப் பார்க்கலாம். மாத்திரையாலதான் செத்தார்னு நிரூபிக்கிறது குதிரைக்கொம்பு. ஆர்.டி.ஓ.வுக்கு அறிக்கை போகும், "விபத்து மரணம், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது". அவ்வளவுதான். கைது இல்லாத முடிவை எழுத உங்களுக்குத் தைரியம் இருக்கான்னுதான் கேள்வி.

சதுப்பேரி:

இருக்கு. கைது இல்லாமலே முடிக்கிறேன். ஆனா அப்ப எஸ்.எஸ்.ஐ. எதைக் கண்டுபிடிக்கிறார்? சீட்டு விஷயம் ஒண்ணு இருக்கு, அதில் கணக்கு சரியான்னு தெரியலை. 20 பேர், மாசம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. அந்த மாசம் இறந்தவர்தான் ஏலம் எடுத்தார். சீட்டு அக்கா அதில் ஏதோ தில்லுமுல்லு பண்றாங்க. என்ன தில்லுமுல்லுன்னு எழுதாம வழவழன்னு விட்டிருக்கேன்.

லாங்பஜார்:

வழவழன்னு விட்டா சீட்டு கட்டற பொம்பளைங்க யாரும் உங்க நாவலை மதிக்க மாட்டாங்க. கணக்கு இதோ.

இறந்தவர் 22,000 தள்ளி, அதாவது விட்டுக்குடுத்து, எடுக்கிறார்னு வைங்க. கையில் கிடைக்கிறது 78,000. தள்ளுன 22,000ல் சீட்டு நடத்துறவங்க கமிஷன் 5 பர்சன்ட், 5,000 போகும். மீதி 17,000ஐ 20 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 850. அந்த மாசம் ஆளுக்குக் கட்ட வேண்டியது 4,150. சரி பார்க்கணுமா: 20 பேர் 4,150 கட்டினா 83,000. எடுத்தவருக்கு 78,000, அக்காவுக்கு 5,000.

இப்ப ஓட்டை. நாலு மாசம் முன்னாடியே சீட்டு எடுத்த ஒருத்தன் கட்டாம ஓடிட்டான். 19 பேர்தான் கட்டுறாங்க. 78,850 வரும். எடுத்தவருக்குக் குடுத்தது போக அக்காவுக்கு மிஞ்சறது 850 ரூபா. அவங்க கமிஷனையே நம்பி வேற இடத்தில் வட்டி கட்டுறாங்க. என்ன பண்ணுவாங்க? தள்ளு 17,000தான் போச்சுன்னு மத்தவங்ககிட்ட சொல்லுவாங்க. 12,000ஐ 20ஆல் வகுத்தா 600. ஆளுக்கு 4,400. எடுத்தவருக்கு நிஜம் தெரியும், அவர் 4,150தான் கட்டுவார். மத்த 18 பேர் 4,400 கட்டினா மொத்தம் 83,350. 78,000 குடுத்தது போக 5,350. கமிஷனும் வந்தாச்சு, மேல 350ம் இருக்கு. தலைக்கு 250 ரூபாதான் திருட்டு. ஆனா கண்டுபிடிச்சா அந்தச் சந்துல அவங்க பேரு போச்சு.

இதுல ஒரு ஓட்டை: ஏலத்துக்கு உக்காந்தவங்களுக்கு 22,000ன்னு தெரியுமே? நிஜத்தில் 20 பேரும் வர மாட்டாங்க. நாலஞ்சு பேர் வருவாங்க, மீதி பேர் "எவ்ளோக்குப் போச்சுக்கா"ன்னு போன்ல கேப்பாங்க. அந்த நாலஞ்சு பேர் போதும் விஷயம் வெளிய வர. அதனால அந்த மாசம் ஏலமே போன்ல நடந்துச்சுன்னு வைங்க. அக்கா வீட்டில் காரியம், தீட்டு, யாரும் வரலை. அப்ப 22,000ங்கிற உண்மை தெரிஞ்ச ஆள் உலகத்துலயே ரெண்டு பேர். ஒருத்தர் செத்துட்டார். வாசகர் அக்காமேல கண்ணு வைக்காம வேற யார்மேல வைப்பார்?

போலீஸ் கண்டுபிடிக்கிற விதமும் இதுலயே இருக்கு. மேசை மேல 78,000. யாரோ ஒரு சீட்டுக்காரர் நோட்டில் 4,400. ரெண்டும் ஒரே சீட்டில் சேர்ந்து இருக்க முடியாது. சீட்டு கட்டத் தெரிஞ்ச வாசகர் எஸ்.எஸ்.ஐ.க்கு முன்னாடியே பிடிச்சிருவார். அதுதான் மரியாதை.

முள்ளுக்கத்திரி:

இந்த இழை போற போக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு எச்சரிக்கை. சதுப்பேரி, உங்க மூணாவது அத்தியாயத்தில் "பதற்றம்"ங்கிற சொல் 11 தடவை. எண்ணிட்டேன். பயப்படுற ஆள் "பயமா இருக்கு"ன்னு நினைக்கவே மாட்டார். கணக்கு போடுவார். பூட்டை ஆட்டிப் பார்ப்பார். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்வார். போலீஸ் "அவரைக் கடைசியா எப்பப் பார்த்தே"ன்னு கேட்டா, மருமகன் "நான் குடிக்கவே மாட்டேன் சார்"னு சொல்லணும். பத்து மணிக்கு மாமனார் சுவரைப் பிடிச்சுத் தள்ளாடினதைப் பார்த்துக் குடிச்சிருக்கார்னு நினைச்சுத் திரும்பிப் போனவன் அவன்தானே. கடனுக்குத் தவணை கேக்க வந்தவன், இந்த நிலையில் கேட்டா அடிப்பார்னு போயிட்டான். அந்த ஒத்தைப் பதிலில் எல்லாம் வந்துரும்.

மேனேஜர்தான் இன்னும் மரக்கட்டை. அவருக்குப் படிவம் சி வைங்க. அப்பல்லாம் வெளிநாட்டுக்காரர் தங்கினா அவர் விவரத்தை லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள்ள அதில் அனுப்பணும். பங்களாதேஷிலிருந்து வந்த ஒரு அம்மாவும் மகனும் நாலு நாளா மேல்மாடியில், படிவம் போகலை. ஒன்பது மணிக்கு அந்த அம்மா இறங்கி வந்து, பக்கத்து அறைக்காரர் வாந்தி எடுக்கிறார்னு சொல்றாங்க: "பொமி, பொமி". வங்காளத்தில் வாந்திக்கு அதுதான் சொல். மேனேஜர் போலீஸ்கிட்ட "அந்தம்மா என்னமோ சொன்னாங்க சார், நமக்கு அந்த பாஷை தெரியாது"ங்கிறார். சாட்சியா அந்த அம்மாவைக் கூப்பிட்டா படிவம் சி வெளிய வரும், அதுக்குத்தான்.

அவருக்குத் தெரியும்ங்கிறதை முன்னாடியே நட்டு வைக்கணும். ரெண்டாவது அத்தியாயத்தில், காலை நேரம், வேறொரு அறையிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து "பொமி"ங்கிறான். மேனேஜர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காம ஆயாம்மாவைக் கூப்பிடுறார், "12ல பக்கெட் வை". அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அடிக்கோடு போட்டீங்கன்னா கெட்டுது. அந்தப் பக்கத்தில் வாசகர் லாட்ஜ் விவரத்தைத்தான் ரசிச்சுக்கிட்டு இருக்கணும்: ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்கு விடுறது, வராண்டாவில் மீன் வாசனை, சுவரில் வங்காள எழுத்து.

குடியாத்தம்_லுங்கி:

பேச்சு பற்றி ஒரு வார்த்தை. எல்லாருக்கும் மெட்ராஸ் பாஷை போட்டிருக்கீங்க. "கீது", "இன்னா", "வந்துகினு" எல்லாம் வடாற்காட்டிலும் உண்டுதான். ஆனா அளவா. குடியாத்தத்துக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுறவரா இருந்தா அப்பாவை "நைனா"ம்பார். மருமகன் ஆம்பூர், அவன் "மாமா". எஸ்.எஸ்.ஐ. ஸ்டேஷனில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு. எழுதும்போது மட்டும் "மேற்படி நபர்". அந்த மூணும் ஒரே பக்கத்தில் வந்தா அவர் எப்ப பயப்படுறார்னு பேச்சை வச்சே சொல்லிடலாம்.

சதுப்பேரி:

ரெண்டு நாள் எடுத்து மாத்தி எழுதினேன். ஏழரை மணிக் காட்சி, சீட்டு அக்கா பணம் குடுக்க வர்றது. 78,000ம் 500 ரூபா நோட்டு, 156 தாள்:

*கட்டைப் பிரித்து எண்ணினார். நூற்றைம்பத்திரண்டு. விரலை ஈர ஸ்பாஞ்சில் தொட்டு மறுபடி எண்ணினார். நூற்றைம்பத்தெட்டு.*

*"இன்னாம்மா, ரெண்டு ஜாஸ்தியா கீது?"*

*"சரியா கீதுண்ணா. நூத்தி அம்பத்தாறு."*

*மூணாவது தடவை எண்பதில் நிறுத்திவிட்டார். எங்கே விட்டோம் என்பது போல நோட்டையே பார்த்தார். முப்பது வருஷம் நோட்டு எண்ணின கை. அக்கா அதைப் பார்க்கவில்லை. அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளு எவ்வளவு என்று மத்தவங்ககிட்ட சொன்னே என்று கேட்பாரோ. கேட்கவில்லை.*

*"காலைல எண்ணிக்கிறேன்" என்று கட்டை மேசை மேல் வைத்தார்.*

*படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் கோட்டை இருக்கிற பக்கம் திரும்பி ஜலகண்டேஸ்வரருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.*

அடுக்கம்பாறை_55:

எண்பதில் நின்னது சரியான அறிகுறி. மூளை அழுத்தத்தில் முதலில் போறது கவனம்தான், கை கால் இல்லை. தலைவலின்னு அவர் வாயால் சொல்ல வைக்காதீங்க, அது மெடிக்கல் ஷாப்பிலேயே வந்தாச்சு. ஒன்பது மணி வாந்தி, பத்து மணி தள்ளாட்டம், வரிசை பிசகலை. அந்த ஏழரைக்கே 108ஐக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்திருந்தா பிழைச்சிருக்க நல்ல வாய்ப்பு. பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்தில். அதை எந்தப் பாத்திரமும் சொல்லாம இருக்கிறதுதான் நல்லது.

முள்ளுக்கத்திரி:

கும்பிடு வரை பிரமாதம். "முப்பது வருஷம் நோட்டு எண்ணின கை" மட்டும் எடுத்திடுங்க. அது எழுத்தாளர் உள்ள பூந்து காதில் சொல்றது. அவர் நோட்டு எண்ணுறதில் தப்பாதவர்ங்கிறதை முதல் அத்தியாயத்தில், பேச்சுக் குடுத்துக்கிட்டே எண்ணி முடிக்கிற மாதிரி ஒரு இடம் வச்சாப் போதும்.

லாங்பஜார்:

எஸ்.எஸ்.ஐ. பற்றி யாரும் பேசலையே. அவர் ஒருத்தர்தான் உங்க கதையில் பயமில்லாத ஆளா இருக்கார். அது எப்படி? 4,400 எழுதின நோட்டு யாருடையது? அவர் சம்சாரத்துடையதா இருக்கட்டும். கேஸ் கட்டில் 78,000ன்னு எழுதிட்டு வீட்டுக்கு வர்றார். சாமி மாடத்தில் சீட்டு நோட்டு. 4,400. அங்கேயே உக்காந்து மனக்கணக்கா வகுக்கிறார். எல்லாம் புரிஞ்சுருச்சு. ஆனா எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன சொல்லுவார்? 1982 சட்டப்படி பதிவில்லாத சீட்டே குற்றம். போலீஸ்காரர் வீட்டிலேயே அதில் ஒரு பேர்.

கோர்ட்டுவாசல்:

ஆமா. கேஸ் டைரியில் எழுத முடியாத துப்பு. அவரும் சும்மா இருந்துடுவார். அஞ்சாவது ஆள் கிடைச்சாச்சு. கேஸ் டைரியின் கடைசிப் பக்கத்தை அப்படியே போடுங்க, "மேற்படி" மொழியில், 4,400 இல்லாம.

சதுப்பேரி:

இதை எடுத்துக்கிறேன். மொட்டைமாடி அத்தியாயத்தை முழுசா அழிச்சாச்சு, 14 பக்கம் மிச்சம். இன்னும் ஒண்ணுதான் உறுத்துது. லாங்பஜார் கணக்கில் மேல மிஞ்சின 350. அக்கா அதை என்ன பண்ணுவாங்க? அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய், பிணவறை வாசலில் ஒரு ரோஜா மாலை போடுறாங்கன்னு வைக்கலாமா?

லாங்பஜார்:

வைங்க. ஆனா மே மாசம், வைகாசி முகூர்த்தம், மாலை விலை ஏறியிருக்கும். போக வர ஆட்டோவும் சேர்த்தா 350ல் அடங்காது. பூக்காரம்மாகிட்ட கொஞ்சம் கடன் சொல்லிட்டு வரட்டும். பூக்காரம்மாவும் சீட்டில் இருக்கிறவங்கதான்.